தளம் திடீரென்று காணாமல் போனால்: மீட்பும் பேக்கப்பும் படிப்படியாக

தளத்தைத் திறந்தால் வெள்ளைத் திரை. அல்லது டேட்டாபேஸுடன் இணைய முடியவில்லை என்று ஒற்றை வரி. அதுவும் இல்லையென்றால், புதிதாக வேர்ட்பிரஸ் (தளத்தை நடத்தும் மென்பொருள்) நிறுவும் பக்கம் வந்து ‘எந்த மொழி வேண்டும்?’ என்று கேட்டுக்கொண்டு நிற்கும். பார்த்தவுடன் மூன்றுமே எல்லாம் போய்விட்டது போலத்தான் தெரியும். ஆனால் பெரும்பாலான நேரம் தரவு இருந்த இடத்திலேயே இருக்கும். பதற்றத்தில் நாம் அடுத்து செய்யும் காரியம்தான் அதை உண்மையிலேயே அழிக்கிறது.

இங்கே சொல்வதெல்லாம் வேர்ட்பிரஸையும் மைஎஸ்க்யூஎல் டேட்டாபேஸையும் வைத்து. ஜூம்லா, ட்ரூபல் வைத்திருப்பவர்களுக்குக் கோப்புகளின் பெயர்தான் மாறும், வேலை இதேதான்.

படி 1: உடைந்ததை உடைந்தபடியே நகலெடுங்கள்

நிறுவும் பக்கம் வந்தால் அதில் எதையும் அழுத்த வேண்டாம். ஹோஸ்டிங் பேனலில் இருக்கும் ‘ரீஸ்டோர்’ பொத்தானையும் இப்போதைக்கு விட்டுவிடுங்கள். காரணம் எளிது. டேட்டாபேஸ் பேக்கப் கோப்பை எந்த எடிட்டரிலாவது திறந்து பாருங்கள். ஒவ்வொரு டேபிளுக்கும் (தரவை அடுக்கிய அட்டவணை) முன்னால், ‘இந்தப் பெயரில் டேபிள் இருந்தால் அதை நீக்கு’ என்ற கட்டளை பெரும்பாலும் இருக்கும். உங்கள் பேக்கப் மூன்று வாரம் பழையது என்றால், அந்த மூன்று வாரப் பதிவுகள் பாதி உடைந்த டேட்டாபேஸில் உயிரோடு இருந்தாலும், ரீஸ்டோர் ஓடும்போது அவையும் சேர்ந்து போய்விடும்.

அதனால் முதலில் ஹோஸ்டிங் பேனலான சிபேனலின் ஃபைல் மேனேஜரிலோ, கோப்புகளை அனுப்பிப் பெறும் எஃப்டிபி வழியாகவோ கோப்புகள் எல்லாவற்றையும் ஜிப்பாக்கி இறக்குங்கள். டேட்டாபேஸை உலாவியில் கையாளும் கருவியான பிஎச்பிமைஅட்மினில் அதை எக்ஸ்போர்ட் செய்யுங்கள். இரண்டுக்கும் ‘உடைந்தது’ என்ற சொல்லோடு தேதியும் நேரமும் சேர்த்துப் பெயர் வையுங்கள். நல்ல பேக்கப்போடு கலந்துவிடக் கூடாது.

அடுத்தது பலர் மறப்பது: தானாக ஓடும் பேக்கப்பை உடனே நிறுத்துங்கள். கடைசி 7 நாள் பேக்கப்பை மட்டும் வைத்திருக்கும் அமைப்பு, ஒவ்வொரு இரவும் உடைந்த தளத்தை நகலெடுத்து, நல்ல நகல் ஒன்றைத் தள்ளிவிடும். ஒரு வாரம் யோசித்துக்கொண்டிருந்தால் 7 பேக்கப் இருக்கும், ஏழும் உடைந்ததாக இருக்கும்.

ஹோஸ்டிங் நிறுவனத்துக்கு எழுதும்போது ‘தளம் போச்சு, சரிசெய்து கொடுங்கள்’ என்று எழுதாதீர்கள். எந்தெந்தத் தேதி நகல்கள் உங்களிடம் இருக்கின்றன, அவை எப்போது அழியும், டேட்டாபேஸையும் கோப்புகளையும் தனித்தனியாக இறக்கித் தர முடியுமா என்று கேளுங்கள். ‘நாங்கள் சொல்லாமல் எதையும் ரீஸ்டோர் செய்ய வேண்டாம்’ என்பதையும் சேர்த்துவிடுங்கள். நல்லெண்ணத்தில் அவர்கள் பழைய நகலை மேலே ஏற்றிவிடுவது அடிக்கடி நடக்கிற கதை.

படி 2: எது போயிருக்கிறது என்று பாருங்கள்

வேர்ட்பிரஸ் தளம் இரண்டு இடங்களில் வாழ்கிறது. கட்டுரைகள், கருத்துகள், பயனர்கள், அமைப்புகள் எல்லாம் டேட்டாபேஸில். படங்கள், தீம் (தளத்தின் தோற்றம்), ப்ளக்இன் (கூடுதல் வசதி தரும் நிரல்) எல்லாம் கோப்புகளில். எஃப்டிபியில் முழு ஃபோல்டரையும் இறக்கிவைத்துவிட்டு ‘பேக்கப் எடுத்தாச்சு’ என்று நிம்மதியாக இருப்பவர்களிடம் அவர்கள் எழுதிய ஒரு கட்டுரைகூட இருக்காது.

டேட்டாபேஸ் இணைப்புப் பிழை வந்தால் டபிள்யூபி-கான்ஃபிக் கோப்பில் நான்கு விவரங்களைச் சரிபாருங்கள்: டேட்டாபேஸ் பெயர், பயனர் பெயர், கடவுச்சொல், ஹோஸ்ட். நான்கும் சரி என்றால் டேட்டாபேஸ் சர்வரே நின்றிருக்கலாம்.

நிறுவும் பக்கம் வருவது வேறு கதை. கான்ஃபிக் கோப்பு இருக்கிறது என்றால் அதற்கு அர்த்தம், டேட்டாபேஸ் கிடைத்துவிட்டது, தான் தேடிய டேபிள்கள்தான் கிடைக்கவில்லை என்பது. பிஎச்பிமைஅட்மினைத் திறந்து எண்ணுங்கள். ப்ளக்இன் எதுவும் சேர்க்காத வேர்ட்பிரஸில் 12 டேபிள்கள் இருக்கும். அவை இருக்கின்றன, ஆனால் பெயரின் முன்னொட்டு கான்ஃபிக் கோப்பில் உள்ள முன்னொட்டோடு பொருந்தவில்லை என்றால், அந்த ஒரு வரியைத் திருத்தினாலே தளம் எழுந்துவிடும். டேபிள்களே இல்லை என்றால்தான் இழப்பு.

வெள்ளைத் திரைக்கும், 5.2 பதிப்புக்குப் பிறகு அதற்குப் பதிலாக வரும் ‘தீவிரப் பிழை’ செய்திக்கும் பெரும்பாலும் ஒரு ப்ளக்இன்தான் காரணம். ப்ளக்இன்ஸ் ஃபோல்டரின் பெயரை மாற்றிப் பாருங்கள். தளம் வந்துவிட்டால் தரவு பத்திரமாக இருக்கிறது. ஒரே ஒரு கட்டுரையைத்தான் காணோம் என்றால் குப்பைத்தொட்டியைப் பாருங்கள், 30 நாள் அங்கே கிடக்கும்.

படி 3: பேக்கப்பை ஏற்றுதல்

பழைய டேட்டாபேஸின் மேல் ஏற்ற வேண்டாம். புதிதாக ஒரு டேட்டாபேஸும் பயனரும் உருவாக்கி, அதில் இம்போர்ட் செய்து, கான்ஃபிக் கோப்பைப் புதியதன் பக்கம் திருப்புங்கள். சரிவரவில்லை என்றால் திரும்பிப் போக வழி இருக்கும்.

இம்போர்ட்டுக்கு முன் பேக்கப் கோப்பின் கடைசி வரியைப் பாருங்கள். மைஎஸ்க்யூஎல்டம்ப் கருவி எடுத்த கோப்பு முழுமையாக முடிந்திருந்தால், ‘டம்ப் கம்ப்ளீட்டட்’ என்ற சொற்களும் வழக்கமாகத் தேதியும் அங்கே இருக்கும். பிஎச்பிமைஅட்மினில் எடுத்ததில் அந்த வரி வராது. அதன் கடைசிப் பகுதியில் ‘கமிட்’ என்ற சொல் இருக்கிறதா என்று பாருங்கள். ஒரு வாக்கியத்தின் நடுவில், பாதிக் கட்டுரையோடு கோப்பு நின்றிருந்தால், நேர வரம்பு தாண்டியோ வட்டு நிரம்பியோ அறுந்த பேக்கப் அது. அதற்கு முந்தைய நாளுடையதை எடுங்கள். கிடைத்தவரை அறுந்ததிலிருந்தும் பிறகு பொறுக்கலாம்.

கோப்பு பெரியது என்று பிஎச்பிமைஅட்மின் மறுத்தால் வியக்க வேண்டாம். பிஎச்பியின் இயல்பான அப்லோடு வரம்பே 2 எம்பிதான், ஹோஸ்டிங் நிறுவனங்கள் அதைக் கூட்டி வைத்திருக்கும். ஜிஜிப்பாகச் சுருக்கி ஏற்றிப் பாருங்கள், இல்லையென்றால் சர்வரில் நேரடியாகக் கட்டளை கொடுக்கும் எஸ்எஸ்எச் வழியாக ஏற்றுங்கள்.

1273 என்ற எண்ணோடு, கொலேஷன் (எழுத்துகளை ஒப்பிட்டு வரிசைப்படுத்தும் விதி) தெரியவில்லை என்ற பிழை வந்தால், மைஎஸ்க்யூஎல் 8இல் எடுத்ததைப் பழைய 5.7இல் ஏற்றுகிறீர்கள் என்று பெரும்பாலும் எடுத்துக்கொள்ளலாம். கோப்பின் நகல் ஒன்றில், பெயரில் 0900 வரும் கொலேஷனைத் தேடி, அதே குடும்பத்தின் யூனிகோட் 520 கொலேஷனாக மாற்றிவிட்டு மறுபடி ஏற்றுங்கள். மூலக் கோப்பில் கைவைக்காதீர்கள்.

தமிழில் எழுதுபவர்களுக்கு இன்னொரு கண்டம் உண்டு. ஏற்றி முடித்தபின் தளம் திறக்கும், ஆனால் தமிழ் எழுத்துகள் இருக்க வேண்டிய இடமெல்லாம், தலையில் கோடு போட்ட சின்ன ஆங்கில ‘ஏ’வும் வட்டத்துக்குள் ‘ஆர்’ போட்ட வணிக முத்திரையும் மாறி மாறி நிற்கும். எழுத்துகளை பைட்டுகளாகச் சேமிக்கும் யூடிஎஃப்-8 முறையில் ஒவ்வொரு தமிழ்க் குறிக்கும் 3 பைட். ‘அம்மா’ என்று எழுதினால் அ, ம, புள்ளி, ம, கால் என 5 குறிகள், 15 பைட். இதை லத்தீன்-1 என்ற வேறு முறை என்று நினைத்துப் படிக்கும் நிரல், ஒவ்வொரு பைட்டையும் தனி எழுத்தாகக் காட்டுகிறது. தரவு கெடவில்லை, படிக்கும் முறைதான் தவறு. இந்த நிலையில் எந்தக் கட்டுரையையும் திறந்து ‘சேமி’ அழுத்தாதீர்கள். டேட்டாபேஸை வெறுமையாக்கி, கேரக்டர் செட்டை யூடிஎஃப்8எம்பி4 என்று வைத்து மீண்டும் இம்போர்ட் செய்யுங்கள். வரிசையாகக் கேள்விக்குறிகள் தெரிந்தால் நிலைமை மோசம். அங்கே எழுத்து மாற்றப்பட்டு மூலமே போய்விட்டது. பேக்கப் கோப்பிலேயே கேள்விக்குறியா, அதில் தமிழ் சரியாக இருக்கிறதா என்று உடனே திறந்து பாருங்கள்.

டேட்டாபேஸ் சரியானதும் டபிள்யூபி-கன்டென்ட் ஃபோல்டரை ஏற்றுங்கள். யார் படிக்கலாம், எழுதலாம் என்று சொல்லும் அனுமதி எண் ஃபோல்டர்களுக்கு 755, கோப்புகளுக்கு 644. முகப்பு மட்டும் திறந்து உள்பக்கங்கள் எல்லாம் 404 (பக்கம் இல்லை என்ற பிழை) காட்டினால், புள்ளியில் தொடங்கும் எச்டி அக்சஸ் கோப்பு நகலில் விடுபட்டிருக்கும். பெர்மாலிங்க் (பக்க முகவரி) அமைப்புப் பக்கத்தில் எதையும் மாற்றாமல் ‘சேமி’ அழுத்தினால் வேர்ட்பிரஸே அதை மறுபடி எழுதிக்கொள்ளும். டொமைன் மாறியிருந்தால் முகவரியை எடிட்டரில் தேடி மாற்றாதீர்கள். பல அமைப்புகள் எழுத்து எண்ணிக்கையோடு சேர்த்துச் சேமிக்கப்பட்டிருக்கும். நீளம் மாறினால் விட்ஜெட்டுகள் உடையும். அதற்கென்று வேர்ட்பிரஸின் கட்டளைக் கருவியான டபிள்யூபி-சிஎல்ஐயில் தேடி மாற்றும் கட்டளை இருக்கிறது.

படி 4: பேக்கப்பே இல்லையென்றால்

பழைய வலைப்பக்கங்களின் நகல்களை வைத்திருக்கும் இன்டர்நெட் ஆர்க்கைவின் வேபேக் மெஷினில் உங்கள் முகவரியைப் போட்டுத் தேடுங்கள். முகப்பில் நிற்காமல், ஒவ்வொரு கட்டுரையின் முகவரியையும் தனியாகத் தேட வேண்டும். கிடைத்த பக்கத்தின் முகவரியில் 14 இலக்கத் தேதி எண் இருக்கும். அதை ஒட்டி ஐ, டி என்ற இரண்டு சின்ன ஆங்கில எழுத்துகளும் ஓர் அடிக்கோடும் சேர்த்தால், ஆர்க்கைவ் தன் பட்டையையும் இணைப்பு மாற்றங்களையும் சேர்க்காத மூலப் பக்கம் வரும். மறுபடி ஏற்றும்போது பழைய முகவரியையும் தேதியையும் அப்படியே கொடுங்கள், மற்றவர்கள் கொடுத்த இணைப்புகள் உயிரோடு இருக்கும். கூகுள் வைத்திருந்த பக்க நகலை (கேஷ்) நம்ப வேண்டாம், அந்த இணைப்பை 2024இல் எடுத்துவிட்டார்கள்.

ஃபீட் ரீடர்களிலும், மின்னஞ்சலில் பதிவு பெறும் வாசகர்களின் இன்பாக்ஸிலும் முழுக் கட்டுரைகள் கிடக்கும். கேட்டுப் பாருங்கள். சொந்த சர்வர் வைத்திருந்தால் பைனரி லாக் (டேட்டாபேஸில் நடந்த மாற்றங்களின் பதிவு) இருக்கிறதா என்று பாருங்கள். மைஎஸ்க்யூஎல் 8இல் அது இயல்பாகவே இயங்கும், 30 நாள் வைத்திருக்கும். பழைய பேக்கப்போடு அதைச் சேர்த்தால், தவறு நடந்ததற்கு ஒரு நிமிடம் முன்புவரைகூட வரலாம்.

படி 5: இனி பேக்கப்பை அமைப்பது

எத்தனை நாள் வேலையை மறுபடி தட்டச்சு செய்யத் தயார் என்று கேட்டுக்கொள்ளுங்கள், இடைவெளி அதுதான். தினமும் எழுதும் தளத்துக்கு டேட்டாபேஸ் தினமும், கோப்புகள் வாரம் ஒருமுறை. எந்த அப்டேட்டுக்கும் முன்னால் இரண்டும். மைஎஸ்க்யூஎல்டம்ப் பயன்படுத்தினால் ‘சிங்கிள் டிரான்ஸாக்ஷன்’ விருப்பத்தைச் சேருங்கள். இன்னோடிபி (மைஎஸ்க்யூஎல்லின் இயல்பான சேமிப்பு வகை) டேபிள்களை, தளத்தை நிறுத்தாமல், ஒரே கணத்தின் நிலையில் எடுத்துத் தரும்.

3-2-1 என்பது பழைய கணக்கு: 3 நகல், 2 வகை ஊடகம், 1 வேறு ஊரில். அந்தக் கடைசி 1ஐத்தான் எல்லாரும் தள்ளிப்போடுவார்கள். 2021 மார்ச் 10 அன்று பிரான்ஸின் ஸ்ட்ராஸ்பர்க் நகரில் ஓவிஎச் நிறுவனத்தின் தரவு மையம் தீப்பிடித்தபோது, பேக்கப்பையும் அதே வளாகத்தில் வைத்திருந்த வாடிக்கையாளர்களுக்கு இரண்டும் சேர்ந்தே எரிந்தன. ஒரே தரவை இரண்டு வட்டில் எழுதும் ரெய்டு வட்டுகளைப் பேக்கப் என்று எண்ண வேண்டாம். நீங்கள் அழிப்பதை அது இரண்டு வட்டிலும் ஒழுங்காக அழிக்கும்.

பேக்கப் ஜிப்பைப் பொது ஃபோல்டரில் வைக்காதீர்கள். பெயரை ஊகிப்பவர் யாரும் உங்கள் பயனர் பட்டியலோடு இறக்கிக்கொள்ளலாம். வெளியே அனுப்பும் கணக்கின் சாவி சர்வரிலேயே இருந்து, அதற்கு அழிக்கும் உரிமையும் இருந்தால், தளத்துக்குள் நுழைந்தவன் பேக்கப்பையும் துடைத்துவிட்டுப் போவான். எழுத மட்டும் உரிமை கொடுங்கள், அல்லது பழைய பதிப்புகளை வைத்திருக்கும் வெர்ஷனிங்கை இயக்குங்கள்.

எத்தனை வைப்பது? தினசரி 7, வாராந்திரம் 4, மாதாந்திரம் 6 போதும். மாதாந்திரத்தை வீண் என்று விடாதீர்கள். தீநிரல் புகுந்தது பல வாரம் கழித்துத்தான் தெரியவரும், அப்போது தினசரி நகல் எல்லாவற்றிலும் அதுவே உட்கார்ந்திருக்கும். டிஎன்எஸ் பதிவுகள் (டொமைனை சர்வரோடு இணைப்பவை), பிஎச்பி பதிப்பு, கிரான் வேலைகள் (நேரம் குறித்துத் தானாக ஓடுபவை), ப்ளக்இன் லைசென்ஸ் எண்கள் ஆகியவற்றையும் ஒரு கோப்பில் எழுதி, அதே நகலோடு வையுங்கள்.

படி 6: மீட்டுப் பாருங்கள்

2017 ஜனவரி 31 அன்று நிரல்களைச் சேமிக்கும் தளமான கிட்லேப் நிறுவனத்தில் ஒரு பொறியாளர் தவறான சர்வரில் டேட்டாபேஸ் ஃபோல்டரை அழித்தார். சுமார் 300 ஜிபியில் மிஞ்சியது 4.5 ஜிபி. தேடிப் பார்த்தால் தினசரி டம்ப் (டேட்டாபேஸ் நகல்) பல நாளாக ஓடவேயில்லை. டம்ப் கருவியின் பதிப்பு டேட்டாபேஸோடு பொருந்தவில்லை, தோல்வியைச் சொல்லும் மின்னஞ்சல்களும் வந்து சேரவில்லை. சுமார் 6 மணி நேரம் முன்பு வேறு வேலைக்காகக் கையால் எடுத்த ஒரு நகல்தான் காப்பாற்றியது. இவ்வளவையும் அவர்களே வெளிப்படையாக எழுதினார்கள்.

ஆகவே தோல்வி மின்னஞ்சலை நம்பாமல், வாரம் ஒருமுறை கோப்பின் தேதியையும் அளவையும் நீங்களே பாருங்கள். நேற்று 40 எம்பி, இன்று 2 கேபி என்றால் உள்ளே இருப்பது பிழைச் செய்தியாகத்தான் இருக்கும்.

மூன்று மாதத்துக்கு ஒருமுறை முழுதாக மீட்டுப் பாருங்கள். சொந்தக் கணினியையே சர்வராக்கும் எக்ஸ்ஏஎம்பிபி மென்பொருளை அதில் நிறுவி, அல்லது கடவுச்சொல் போட்ட துணை டொமைனில், வெளியே வைத்திருக்கும் நகலை மட்டும் கொண்டு தளத்தை எழுப்புங்கள். சர்வரைத் தொடக் கூடாது. எழுப்புவதற்கு முன் அந்தச் சோதனைத் தளத்தில் மின்னஞ்சல் அனுப்புவதையும் கிரானையும் அணைத்துவிடுங்கள், இல்லையென்றால் நிஜ வாசகர்களுக்கு இரட்டை அஞ்சல் போகும். பிறகு பாருங்கள்: கட்டுரைகளின் எண்ணிக்கை நேரடித் தளத்தோடு பொருந்துகிறதா, கடைசியாக ஏற்றிய படம் திறக்கிறதா, உள்நுழைய முடிகிறதா, தமிழ் தமிழாகத் தெரிகிறதா. எத்தனை நிமிடம் ஆனது, எங்கே தடுமாறினீர்கள் என்பதை மேலே சொன்ன அதே கோப்பில் குறித்துவையுங்கள்.