பேய் முகம் பச்சை குத்தும்போது விடுகிற பிழைகள்

கைபேசியில் ஒரு படத்தைக் காட்டி, "இதை அப்பிடியே போட்டு விடுங்கோ அண்ணை" என்று கேட்கும்போதே பாதி வேலை கெட்டுவிடுகிறது. இணையத்தில் உலாவும் கறுப்பு-சாம்பல் பேய் முகங்களில் அனேகமானவை வெளிறிய தோலில் குத்தி, அன்றே நல்ல விளக்கில் எடுத்தவை. மண்ணிறத் தோலில் கணக்கு வேறு. மை தங்குவது தோலின் இரண்டாம் படையில். நிறமணிகள் இருப்பது அதற்கு மேலே. அதனால் மென்சாம்பல் எல்லாம் காயம் ஆறியதும் தோலின் நிறத்தோடு கரைந்துவிடும், வெள்ளை மை மங்கி மஞ்சளடிக்கும். எங்கள் தோலில் வெளிச்சம் என்பது குத்தாமல் விட்ட இடம்தான்.

ஆகவே படத்தில் ஐந்து சாம்பல் சாயல்கள் இருந்தால் இரண்டாகவோ மூன்றாகவோ குறைத்து, முகத்தின் மூன்றில் ஒரு பங்கையாவது வெறுந்தோலாக விடுங்கள். கண்குழி, மூக்குத்துளை, வாயின் உட்புறம் மூன்றும் முழுக் கறுப்பாக இருக்கட்டும். அங்கே தயங்கிச் சாம்பல் போட்டால் பேய் பயமுறுத்தாது, ஊத்தை படிந்தது போலத்தான் தெரியும்.

அடுத்தது அளவு. மை வருடக்கணக்கில் தோலுக்குள் மெல்லப் பரவும். 5 செ.மீ. உயர முகத்தில் பல்லிடுக்கு 1 மி.மீ. கூட வராது. சில வருடத்தில் பல்வரிசை ஒரே கறுப்புப் பட்டையாகிவிடும். முன்கையில் 12 முதல் 15 செ.மீ. உயரம் இருந்தால்தான் கண்ணும் பல்லும் தப்பும். சின்னதாகத்தான் வேண்டும் என்பவர் முழு முகத்தை விட்டுவிட்டு ஒரு கண்ணையோ தாடையையோ மட்டும் எடுக்கலாம்.

பல்லைச் சுற்றிக் கோடு கீறுவது எல்லோரும் விடுகிற பிழை. அப்படிக் கீறினால் வாய்க்குள் கதியால் வேலி நட்டது போலிருக்கும். இரண்டு பல்லுக்கு நடுவே, முரசோரம் ஒரு சிறு முக்கோணமாகக் கறுப்பை வைத்து, பல் நுனியை நோக்கி மங்க விடுங்கள். கோட்டைக் கண்ணே இட்டுக்கொள்ளும்.

வெளிச்சம் எந்தப் பக்கமிருந்து வருகிறது என்பதில் இன்னும் பெரிய குழப்பம். மண்டையோட்டை ஒரு படத்திலிருந்தும், கையை இன்னொன்றிலிருந்தும், மெழுகுதிரியை மூன்றாவதிலிருந்தும் வெட்டி ஒட்டினால் நிழல்கள் மூன்று பக்கம் விழும். பார்ப்பவருக்குக் காரணம் தெரியாவிட்டாலும் ஏதோ பொருந்தவில்லை என்று படும். பேய் முகத்துக்குக் கீழிருந்து வரும் வெளிச்சம் நன்றாக எடுபடும். நாடியின் அடி, மூக்கின் அடி, புருவ எலும்பின் அடி ஒளிர, நெற்றி இருண்டுபோகும். சூரியனுக்குக் கீழே முகங்களைப் பார்த்துப் பழகிய கண்ணை அந்தத் தலைகீழ்தான் உலுக்குகிறது. தோலில் ஒற்றியெடுக்கும் ஸ்டென்சில் படத்தை வரையும்போதே திசையை அம்புக்குறியிட்டு வையுங்கள்.

இரத்தத்தைக் குறையுங்கள். பச்சை குத்தும் மைகளில் ஒவ்வாமையை அதிகம் தருவது சிவப்பு, மண்ணிறத் தோலில் அது கருஞ்சிவப்பாக இறங்கியும் விடும். பயங்கரத்துக்குச் சிவப்பு தேவையில்லை என்பதற்குக் கோயில்களில் இருக்கும் காரைக்கால் அம்மையார் சிற்பமே போதும்: எழும்பிய விலா எலும்பு, ஒட்டிய வயிறு, வற்றிய மார்பு. எலும்பு எங்கே தோலைத் தள்ளுகிறது என்று அதைப் பார்த்துப் படிக்கலாம்.

கறுப்பு மையைச் சாம்பலாக்கக் கலக்கும் தண்ணீர் விளையாட்டில்லை. கிணற்றுத் தண்ணீரோ போத்தல் தண்ணீரோ கூடாது. காய்ச்சி வடித்த நீர் கூடக் கிருமியற்றது என்று பொருளில்லை. 2011 இறுதியில் நியூயோர்க் மாநிலத்தின் ரோசெஸ்டரில் முன்கூட்டியே கலந்து விற்ற சாம்பல் மையால் 19 பேருக்கு மைக்கோபக்டீரியம் என்ற பக்டீரியாவின் தொற்று வந்தது. மையில் சேர்த்த வடித்த நீரின்மேல்தான் சந்தேகம் விழுந்தது. மருந்தகத்தில் விற்கும், முத்திரை உடையாத கிருமியழித்த நீரை வாங்கி, ஒருவருக்கு வேண்டியதை மட்டும் கலந்து, மிஞ்சியதைக் கொட்டிவிடுங்கள்.

ஊசி 1 முதல் 2 மி.மீ. ஆழத்துக்குள் நிற்க வேண்டும். அதைத் தாண்டினால் மை கொழுப்புப் படையில் கசிந்து கோட்டைச் சுற்றி நீலப் புகை படரும். மணிக்கட்டு, கையின் உட்புறம், கணுக்கால் போன்ற மெல்லிய இடங்களில் இது சுலபமாக நடக்கும். கறுப்பு ஏறவில்லை என்று மக்னம் ஊசியால் (பல ஊசிகளை அகலமாக அடுக்கியது) ஒரே இடத்தைத் திரும்பத் திரும்பத் தேய்ப்பதும் ஆபத்து. தோல் பளபளத்து இரத்தம் முத்து முத்தாக எழும்பினால் நிறுத்திவிட்டு, ஆறு வாரம் கழித்துத் தொடருங்கள். முன்பு எப்போதாவது காயத்தழும்பு தடித்து வளர்ந்திருந்தால் நெஞ்சு நடுவும் தோள்மூட்டும் வேண்டவே வேண்டாம்.

உடம்பில் இடத்தைத் தெரிவுசெய்யும்போது ஊரையும் யோசியுங்கள். நல்லூர்க் கோயிலில் ஆண்கள் மேற்சட்டையைக் கழற்றித்தான் உள்ளே போக வேண்டும், முதுகில் இருக்கும் பேய் அம்மம்மாவின் கண்ணில் கட்டாயம் படும். புத்தர் முகத்தை மண்டையோட்டோடு கலக்கும் யோசனையை முற்றாக விடுங்கள். கையில் சாதாரணமாகப் புத்தர் உருவம் குத்தியிருந்த பிரித்தானியப் பெண்ணையே 2014இல் கட்டுநாயக்கா விமான நிலையத்தில் கைதுசெய்து நாடுகடத்தினார்கள். 2017இல் உயர் நீதிமன்றம் அவருக்கு நட்டஈடு வழங்கியது உண்மை, ஆனால் அந்த அலைச்சல் யாருக்கு வேண்டும்?

குத்தியபின் மஞ்சளும் தேங்காயெண்ணெயும் பூசாதீர்கள். கொதித்தாறிய நீரும் மணமில்லாத சவர்க்காரமும் போதும். மூன்று வாரத்துக்குக் கீரிமலைக் கேணி இல்லை, கசூரினாக் கடலும் இல்லை, பிரதட்டையும் இல்லை. ஆறின பிறகும், வாரக்கணக்கில் கழித்து, சாம்பல் பட்ட இடத்தில் மட்டும் சிவந்த பருக்கள் கிளம்பினால் மருத்துவரிடம் போய்ப் பச்சை குத்தியதையும் நாளையும் சொல்லுங்கள். மைக்கோபக்டீரியமாக இருந்தால் வழக்கமான நுண்ணுயிர்க்கொல்லி கேட்காது, தனிப் பரிசோதனை வேண்டும்.