புல்வெட்டும் இயந்திரம்: பாதுகாப்பாக இயக்கவும் பழுதின்றிப் பராமரிக்கவும் சென்னைவாசிகளுக்கு ஒரு வழிகாட்டி

குளிர்நாடுகளுக்காக எழுதப்பட்ட புல்வெட்டி கையேடுகள், பனிக்காலத்தில் இயந்திரத்தைக் கழுவித் துடைத்து மூடி வைக்கச் சொல்கின்றன. சென்னையில் அப்படி ஓர் ஓய்வுக்காலம் கிடையாது. அக்டோபரில் வடகிழக்குப் பருவமழை தொடங்கியதும் அருகம்புல் வாரத்துக்கு ஒரு முறையாவது வெட்ட வேண்டிய அளவுக்கு வளர்கிறது; கோடையில் தண்ணீர் விட்டால் வளரும், விடாவிட்டால் காயும், ஆனாலும் இயந்திரம் முழுதாக ஒதுங்குவதில்லை. ஆகவே இங்கே அதிக வெட்டு வேலை, அதிக ஈரம், அதிகத் துரு ஆகிய மூன்றும் ஒரே பருவத்தில் சேர்ந்து வருகின்றன. விபத்துக்கு வாய்ப்பு கூடுவதும் அப்போதுதான், ஏனென்றால் ஈரப்புல், பிளேடை மூடியிருக்கும் அடித்தட்டில் அடைத்துக்கொள்ளும். அதை எடுக்கக் கை நீளும்.

ஆதலால் எல்லாவற்றுக்கும் முன்னால் ஒரு விதியைச் சொல்லிவிடுகிறேன். இயந்திரத்தின் அடியில் கை செல்வதற்கு முன், பிளேடு நின்றிருந்தால் மட்டும் போதாது. அது மீண்டும் சுழல்வதற்கு வழியே இல்லாமல் செய்திருக்க வேண்டும். பெட்ரோல் இயந்திரமானால் ஸ்பார்க் பிளக்கின் கேப்பைக் கழற்றி, பிளக்கைத் தொடாதபடி தள்ளி வைக்க வேண்டும். மின்சார இயந்திரமானால் சுவிட்சை அணைப்பதோடு நிற்காமல் பிளக்கையே சுவரிலிருந்து பிடுங்க வேண்டும். பேட்டரி இயந்திரமானால் பேட்டரியையும், சாவி இருந்தால் சாவியையும் வெளியே எடுத்துவிட வேண்டும்.

இந்த அளவு எச்சரிக்கை ஏன் என்பதைப் புரிந்துகொண்டால் விதி தானே மனதில் நிற்கும். பெரும்பாலான தள்ளுவகைப் பெட்ரோல் இயந்திரங்களில் பிளேடு நேராக எஞ்சினின் கிராங்க் தண்டிலேயே பொருத்தப்பட்டிருக்கிறது. பிளேடைக் கையால் திருப்பினால் உள்ளே பிஸ்டனும் அசையும். எஞ்சினோடு சேர்ந்து சுழலும் ஃப்ளைவீல் சக்கரத்தில் உள்ள காந்தமே தீப்பொறியை உண்டாக்குவதால் இதற்குத் தனி பேட்டரி தேவையில்லை. கைப்பிடி லீவரை விட்டதும் தீப்பொறி துண்டிக்கப்படும்படி ஒரு ஒயர் இருக்கும் என்றாலும், அந்த ஒயர் அறுந்தோ துருப்பிடித்தோ போயிருந்தால், நின்றுபோன எஞ்சின் கையின் அசைவிலேயே ஒரு முறை வெடித்துச் சுழலக்கூடும். விரலை இழக்க அந்த ஒரு சுற்று போதும். 46 செ.மீ. நீளமுள்ள பிளேடு நிமிடத்துக்கு 3,000 முறை சுழலும்போது அதன் நுனி மணிக்கு ஏறத்தாழ 260 கி.மீ. வேகத்தில் செல்கிறது. மின்சார இயந்திரத்தில் ஆபத்து வேறு வகையானது: மின்தடையால் நின்ற இயந்திரத்தைச் சிலர் அப்படியே சாய்த்துப் புல்லை எடுக்கத் தொடங்குகிறார்கள். மின்சாரம் எந்த நொடியில் திரும்பும் என்பதை யாரும் சொல்ல முடியாது. மின்சாரம் போனால் முதலில் பிளக்கைப் பிடுங்குங்கள், மற்றதைப் பிறகு பாருங்கள்.

இப்படித் துண்டித்த பின்னும் அடைத்த புல்லை ஒரு கட்டையாலோ குச்சியாலோ தள்ளி எடுப்பதே முறை. கனமான கையுறை அணிந்திருந்தாலும் விரலை நேராக உள்ளே விட வேண்டாம். அடைப்பு விடுபடும்போது, அதுவரை இறுகி நின்ற பிளேடு சட்டென்று கால் சுற்று நகர்வதுண்டு.

லீவரைக் கட்டி வைக்காதீர்கள்

கைப்பிடியோடு சேர்த்துப் பிடிக்கும் லீவர், கையை விட்டதும் பிளேடை நிறுத்துவதற்காகவே இருக்கிறது. அமெரிக்காவில் 1982 முதல் விற்கப்படும் தள்ளுவகை இயந்திரங்களில், கையை விட்ட 3 நொடிகளுக்குள் பிளேடு நிற்க வேண்டும் என்பது கட்டாய விதி. நம் ஊர்த் தோட்டங்களில் இந்த லீவரைக் கயிற்றாலோ பழைய டியூப் துண்டாலோ கைப்பிடியோடு கட்டி வைக்கும் வழக்கத்தைப் பல இடங்களில் பார்க்கலாம். கை வலிக்கிறது என்பதே காரணம்; அந்த வலி உண்மையானது, அதற்கு இடையிடையே ஓய்வெடுப்பதும் கைப்பிடியின் உயரத்தைத் தக்கபடி மாற்றுவதும்தான் தீர்வு. கட்டி வைத்த இயந்திரத்தைத் தள்ளுபவர் கால் வழுக்கி விழுந்தால் இயந்திரம் நிற்காது. மின்சார வகையானால், மின்தடைக்குப் பின் ஆள் அருகில் இல்லாத நேரத்திலும் அது தானே ஓடத் தொடங்கும். ஒவ்வொரு முறை வேலையைத் தொடங்கும்போதும் இயந்திரத்தை ஓடவிட்டு, லீவரை விட்டு, ஒன்று இரண்டு மூன்று என எண்ணிப் பாருங்கள். மூன்றுக்குள் சத்தமும் சுழற்சியும் அடங்கவில்லை என்றால் அன்று புல் வெட்டக் கூடாது. கேபிளோ பிரேக் கட்டையோ தேய்ந்திருக்கிறது என்று பொருள்.

தொடங்குவதற்கு முன்

புல்தரை முழுவதையும் ஒரு முறை நடந்து பார்ப்பது கட்டாயம். கல், ஆணி, செங்கல் துண்டு, தென்னைமட்டை, விழுந்த குரும்பை, சொட்டுநீர்க் குழாய், ஸ்பிரிங்க்ளரின் தலை, குழந்தைகளின் விளையாட்டுப் பொருள் எதுவானாலும் அகற்றப்பட வேண்டும் அல்லது இடம் தெரியும்படி குறிக்கப்பட வேண்டும். சென்னைக்கென்றே தனியாகச் சொல்ல வேண்டியது கம்பி மத்தாப்பின் கம்பி. தீபாவளி வருவதும் புல் வேகமாக வளர்வதும் ஒரே பருவத்தில். எரிந்து முடிந்த கம்பிகள் புல்லுக்குள் விழுந்து, இரண்டு நாள் மழையில் துருவேறி, மண்ணின் நிறமாகவே மாறிவிடுகின்றன, கண்ணுக்குத் தெரிவதில்லை. பிளேடு அவற்றில் ஒன்றைத் தொட்டால் அது ஊசியைப் போலப் பாய்ந்து வெளிவரும். தீபாவளிக்குப் பின் வரும் முதல் வெட்டுக்கு முன்னால், ஒரு கயிற்றில் வலுவான காந்தத்தைக் கட்டிப் புல்மேல் இழுத்துச் செல்வதை மனமார வலியுறுத்துகிறேன். அடுக்குமாடிக் குடியிருப்பானால், புல்தரையில் பட்டாசு வெடிக்கக் கூடாது என்று முன்கூட்டியே அறிவித்துவிடுவது இன்னும் நல்லது.

மழைக்காலத்தில் உயர்ந்து வளர்ந்த புல்லில் பாம்பு இருக்கக்கூடும், குறிப்பாகக் காலி மனைகளையும் ஏரிக்கரைகளையும் ஒட்டிய வேளச்சேரி, பள்ளிக்கரணை போன்ற பகுதிகளில். நீண்ட கழியால் தட்டியபடி நடந்தால் அது விலகிச் செல்ல நேரம் கிடைக்கும். விலகாமல் ஓரிடத்தில் தங்கிவிட்டால் வேலையை நிறுத்திவிட்டு வனத்துறைக்குச் சொல்வதே சரி.

வேலை நடக்கும் இடத்திலிருந்து குழந்தைகளும் வளர்ப்புப் பிராணிகளும் குறைந்தது 15 மீட்டர் தள்ளி இருக்க வேண்டும். புல் வெளியேறும் வாயில் உள்ள மூடி உடைந்திருந்தால், அல்லது புல்பையும் மூடியும் இரண்டுமே இல்லாமல் வாய் திறந்திருந்தால், இயந்திரத்தை ஓட்டக் கூடாது.

உடையைப் பற்றி ஒளிவுமறைவில்லாமல் சொல்ல வேண்டியிருக்கிறது. இந்த ஊரில் புல் வெட்டுபவர்களில் மிகப் பலர் வெறுங்காலோடோ ரப்பர் செருப்போடோ, மடித்துக் கட்டிய லுங்கியோடோதான் வேலை செய்கிறார்கள். அது அவர்களுடைய அலட்சியம் அல்ல. பாதுகாப்புக் காலணியை வாங்கித் தருவது வேலை கொடுப்பவரின் பொறுப்பு. முன்பகுதியில் இரும்புத் தகடு பதித்த காலணி ஒரு ஜோடி, கண்ணாடி, காது அடைப்பான், முழுக்கால் சட்டை ஆகியவற்றின் மொத்த விலை, இயந்திரத்தின் விலையோடு ஒப்பிட்டால் மிகச் சிறியது. இயந்திரம் வாங்கும் நாளிலேயே இவற்றையும் வாங்க வேண்டும் என்று குடியிருப்போர் சங்கங்கள் தீர்மானம் போட்டுவிடலாம்.

வெட்டும் முறை

ஒரே வெட்டில் புல்லின் உயரத்தில் மூன்றில் ஒரு பங்குக்கு மேல் எடுக்கக் கூடாது. அருகம்புல்லை 2.5 முதல் 4 செ.மீ. வரையிலும், அகன்ற இலை கொண்ட பஃபலோ புல்லை 6 முதல் 8 செ.மீ. வரையிலும் விட்டு வைக்கலாம். ஏப்ரல், மே மாதங்களில் இதையும் விடச் சற்று உயரமாக விடுங்கள். நிழல் விழும் மண் மெதுவாகக் காய்கிறது. மழையில் பல வாரம் வெட்டாமல் விட்டிருந்தால், முதல் முறை உயரமாக வெட்டி, மூன்று நாள் கழித்து இறக்கி வெட்டுவது புல்லுக்கும் எஞ்சினுக்கும் நல்லது. உயரத்தை மாற்றும் போதெல்லாம் இயந்திரம் நின்றிருக்க வேண்டும்.

காலைப் பனி உலர்ந்த பின், வெயில் ஏறுவதற்கு முன் உள்ள நேரமே வேலைக்கு ஏற்றது. ஈரப்புல்லில் கால் வழுக்கும், புல் கட்டிக்கொள்ளும், வெட்டும் சீராக வராது. எப்போதும் முன்னோக்கித் தள்ளுங்கள். பின்னோக்கி இழுத்தால் இயந்திரம் உங்கள் பாதத்தை நோக்கியே வருகிறது. சுவர் ஓரத்தில் இழுத்தே ஆக வேண்டியிருந்தால், முதலில் பின்னால் திரும்பிப் பார்த்து, மிக மெதுவாக இழுங்கள். செயற்கை மேடுள்ள புல்தரையில் சரிவுக்குக் குறுக்காக நடக்க வேண்டும். மேலும் கீழுமாகத் தள்ளினால், வழுக்கும்போது நீங்கள் இயந்திரத்தின் மேலோ இயந்திரம் உங்கள் மேலோ வரும். நடைபாதையையோ ஜல்லிப் பாதையையோ கடக்கும்போது பிளேடை நிறுத்திவிட்டுக் கடந்து செல்லுங்கள்.

ஒயர் உள்ள மின்சார இயந்திரத்துக்கு 30 மில்லி ஆம்பியர் மின்கசிவில் மின்சாரத்தைத் துண்டிக்கும் ஆர்.சி.சி.பி. பாதுகாப்புள்ள இணைப்பு அவசியம். ஒயரைத் தோள்மேல் போட்டுக்கொண்டு, சுவர் பிளக்குக்கு அருகில் உள்ள பகுதியிலிருந்து தொடங்கி விலகி விலகிச் சென்றால், ஒயர் எப்போதும் வெட்டி முடித்த பக்கத்திலேயே கிடக்கும். டேப் சுற்றிய இணைப்புள்ள ஒயரை ஈரத்தரையில் பயன்படுத்தவே கூடாது. மழைத்தூறலிலும் இந்த வகை இயந்திரத்தை இயக்கக் கூடாது.

மொட்டைமாடியில் சிறு புல்தரை மட்டும் வைத்திருப்பவர்களுக்கு எஞ்சினும் வேண்டாம், மோட்டாரும் வேண்டாம். இங்கிலாந்தில் எட்வின் பட்டிங் 1830-இல் காப்புரிமை பெற்ற உருளை வகையின் வழிவந்த கைத்தள்ளு இயந்திரமே அவர்களுக்குப் போதும்.

பெட்ரோலும் ஆயிலும்

பெட்ரோலைத் தண்ணீர் பாட்டிலில் வைக்காதீர்கள். இறுக மூடும் உலோகக் கேனில், சமையலறைக்கும் மின்மீட்டருக்கும் தொலைவில் வையுங்கள். ஓடி நின்ற எஞ்சின் 15 நிமிடமாவது ஆறிய பின்னரே, திறந்த வெளியில், பெட்ரோல் நிரப்ப வேண்டும். சூடான சைலன்சரின் மேல் சிந்தும் பெட்ரோல் பற்றிக்கொள்ளும்.

இப்போது நம் பெட்ரோல் பங்க்குகளில் பரவலாகக் கிடைப்பது 20 சதவீத எத்தனால் கலந்த பெட்ரோல். சிறு எஞ்சின் தயாரிப்பாளர்கள் பலர் 10 சதவீதம் வரைதான் தங்கள் எஞ்சினுக்கு ஏற்றது என்று கையேட்டில் குறிப்பிடுகிறார்கள். ஆகவே உங்கள் இயந்திரத்தின் கையேட்டைக் கட்டாயம் பாருங்கள். எத்தனால் காற்றின் ஈரத்தை உறிஞ்சும் தன்மையுடையது. கடற்கரை நகரில் அரைகுறையாக நிரம்பிய டேங்கில் அது வாரக்கணக்கில் கிடந்தால், நீர் பிரிந்து அடியில் தங்கி, கார்புரேட்டரை அரிக்கும். எஞ்சின் கிளம்ப மறுப்பதற்கு, பழைய பெட்ரோலே மிக அடிக்கடி காரணமாகிறது. ஒரு மாதத்துக்கு மேல் தேவைப்படும் பெட்ரோலை வாங்கி வைக்காதீர்கள். பல வாரம் ஓட்டப்போவதில்லை என்றால் டேங்கைக் காலி செய்து, எஞ்சின் தானே நிற்கும்வரை ஓடவிடுங்கள்.

நான்கு ஸ்ட்ரோக் எஞ்சினில் ஆயிலும் பெட்ரோலும் தனித்தனி. இரண்டையும் கலக்கக் கூடாது. சமதரையில் நிறுத்தி, ஒவ்வொரு முறையும் ஆயில் அளவைப் பார்த்த பின்னரே இயக்க வேண்டும். புதிய எஞ்சினில் முதல் 5 மணி நேர ஓட்டத்துக்குப் பின்னும், அதன் பிறகு 50 மணி நேரத்துக்கு ஒரு முறையும் ஆயிலை மாற்றுவது பொதுவான கணக்கு. நம் வெப்பத்துக்கு எஸ்.ஏ.இ. 30 ஆயில் பொருந்தும். கையேடு வேறு சொன்னால் அதையே பின்பற்றுங்கள். ஸ்பாஞ்ச் வகை ஏர் ஃபில்டரை 25 மணி நேரத்துக்கு ஒரு முறை சோப்புநீரில் கழுவி, முழுதாக உலர்த்தி, சில சொட்டு எஞ்சின் ஆயில் விட்டுப் பிழிந்து மாட்டலாம். காகித வகையை நனைக்கக் கூடாது, தட்டித் தூசியை எடுக்கலாம். ஸ்பார்க் பிளக்கின் இடைவெளி பெரும்பாலான எஞ்சின்களில் 0.7 முதல் 0.8 மி.மீ. வரை இருக்கும்.

பிளேடும் அடித்தட்டும்

வெட்டிய புல்லின் நுனி இரண்டொரு நாளில் வெளிறி, நாராகக் கிழிந்து தெரிந்தால் பிளேடு மழுங்கிவிட்டது. பிளக் கேப்பைக் கழற்றிய பின், ஏர் ஃபில்டரும் கார்புரேட்டரும் மேலே இருக்கும்படி இயந்திரத்தைச் சாயுங்கள். மறுபக்கம் சாய்த்தால் ஆயில் வழிந்து ஏர் ஃபில்டருக்குள் இறங்கிவிடும். பிளேடு திரும்பாமலிருக்க ஒரு மரக்கட்டையை முட்டுக்கொடுத்து போல்ட்டைக் கழற்ற வேண்டும். தட்டையான அரத்தால், முன்பிருந்த சாய்வுக்கோணத்தை, அதாவது சுமார் 30 பாகையை மாற்றாமல், ஒரே திசையில் அராவுங்கள். சவரக்கத்தி போலக் கூர்மையாக்கத் தேவையில்லை. மிக மெல்லிய முனை முதல் கல்லிலேயே மடங்கிவிடும். சாணைக்காரரிடம் கொடுத்தால், தீப்பொறி பறக்க நீலமேறும் வரை தேய்க்க வேண்டாம் என்று சொல்லிவிடுங்கள், ஏனெனில் அந்த அளவு சூட்டில் எஃகு தன் உறுதியை இழக்கிறது.

தீட்டிய பிளேடின் நடுத்துளையைச் சுவரில் அடித்த ஓர் ஆணியில் மாட்டிப் பாருங்கள். ஒரு பக்கம் தாழ்ந்தால் அந்தப் பக்கம் கனம் கூடுதல்; அங்கே இன்னும் கொஞ்சம் அராவிச் சமன்செய்ய வேண்டும். சமனில்லாத பிளேடு இயந்திரத்தை நடுங்கவைத்து எஞ்சினின் பேரிங்கைத் தேய்க்கும். விரிசலோ வளைவோ உள்ள பிளேடை நிமிர்த்திப் பயன்படுத்தாமல் புதிதாக மாற்றிவிடுங்கள். திரும்ப மாட்டும்போது வளைந்த சிறகுப் பகுதி மேல்நோக்கி இருக்க வேண்டும். போல்ட்டைக் கையேட்டில் சொன்ன இறுக்கத்துக்கு முறுக்க வேண்டும்.

அடித்தட்டில் ஒட்டிய புல்லை ஒவ்வொரு முறையும் மரக்கரண்டியாலோ பிளாஸ்டிக் சுரண்டியாலோ எடுத்துவிட்டு, உலர்ந்த துணியால் துடையுங்கள். பெசன்ட் நகர், திருவான்மியூர், கிழக்குக் கடற்கரைச் சாலைப் பகுதிகளில் உப்புக்காற்று இரும்புத் தகட்டை விரைவிலேயே அரித்துவிடும். துடைத்த பின் மெல்லியதாக எண்ணெய் பூசுவது அங்கே தவிர்க்கக்கூடாத வேலை. மின்சார, பேட்டரி இயந்திரங்களைக் குழாய்நீர் பீய்ச்சிக் கழுவக் கூடாது.

டிசம்பர் மழையில் தரைத்தளப் பார்க்கிங்கில் நீர் ஏறும் கட்டடமானால், இயந்திரத்தை மேசை உயரத்துக்கு மேல் வைக்க ஓர் இடம் ஏற்பாடு செய்யுங்கள். அப்படியும் மூழ்கிவிட்டால் எஞ்சினைக் கிளப்பும் கயிற்றை இழுத்துப் பார்க்காதீர்கள். சிலிண்டருக்குள் நீர் இருந்தால் உள்ளே உள்ள உறுப்புகள் வளையும். ஆயில் பால்போல் வெளுத்திருந்தால் அதில் நீர் கலந்திருக்கிறது. ஸ்பார்க் பிளக்கைக் கழற்றி, பழைய ஆயிலையும் பெட்ரோலையும் வடித்து, மெக்கானிக்கிடம் கொடுத்துவிடுங்கள். நீரில் கிடந்த பேட்டரியை மட்டும் எக்காரணம் கொண்டும் சார்ஜ் போடாமல், வீட்டுக்கு வெளியே தனியாக வைத்து, தயாரிப்பாளரின் சேவை மையத்திடம் ஒப்படைக்க வேண்டும்.