கணிதத்தில் ஏ எடுத்தவள் ஏன் கலைப்பிரிவுக்குப் போனாள்?

தரம் 11 முடிவில் எழுதும் சாதாரண தரப் பரீட்சையின் பெறுபேறு வரும் வாரம், ஆசிரியர் அறையில் இந்தப் பேச்சு தவறாமல் வரும். "கணிதத்தில் ஏ எடுத்திருக்கிறாள், ஆனால் கலைப்பிரிவுக்குத்தான் போகிறாளாம்." "அவளுக்கு அதுதான் விருப்பம் போல" என்று யாராவது சொல்வார்கள், பேச்சு அதோடு முடிந்துவிடும். இலங்கையின் மலையகத் தேயிலைத் தோட்டங்களில் வாழும் பெண் பிள்ளைகளின் கணித, விஞ்ஞானக் கல்வி பற்றிச் செயல்நிலை ஆய்வு (தம் பாடசாலைப் பிரச்சினையைத் தாமே ஆராய்வது) எழுதும் ஆசிரியர்களும் இதே இடத்தில்தான் தவறுகிறார்கள். வழி இல்லாததை விருப்பம் என்று பதிந்துவிடுகிறார்கள்.

அரச பாடசாலைகளை, எந்தத் தரம் வரை, எந்தப் பிரிவுகள் உண்டு என்பதைப் பார்த்து வகைப்படுத்துவார்கள். உயர்தர (தரம் 12, 13) விஞ்ஞானப் பிரிவு 1ஏபி வகைப் பாடசாலைகளில் மட்டும்தான் உண்டு. 1சி என்றால் கலையும் வர்த்தகமும். வகை 2 தரம் 11உடன் நின்றுவிடும். தோட்டப் பாடசாலைகளில் பெரும்பாலானவற்றில் விஞ்ஞானப் பிரிவு கிடையாது. மஸ்கெலியாவுக்கு மேலே ஒரு தோட்டத்தில் இருக்கும் பிள்ளை இணைந்த கணிதம் என்ற உயர்தரக் கணிதப் பாடத்தைப் படிக்கத் தூரத்து நகரத்துக்குப் போய்வர வேண்டியிருக்கும், இல்லையென்றால் அங்கேயே தங்க வேண்டும். அண்ணனை அனுப்பிவிடுவார்கள். தங்கை மாலை வகுப்பு முடிந்து, கடைசி பஸ்ஸில் இறங்கி, இருட்டில் தேயிலை மலை வழியே தனியாக நடந்துவர வேண்டும் என்றால் எந்த அம்மாவுக்கும் மனம் வராது. அந்தப் பயத்தில் பிழையே இல்லை. ஆகவே வினாக்கொத்தில் "எந்தப் பிரிவு விருப்பம்?" என்பதோடு நிறுத்தாதீர்கள். கடைசி பஸ் எத்தனை மணிக்கு, தங்க இடமுண்டா, அம்மா கொழுந்து பறிக்கப் போனால் தம்பியை யார் பார்ப்பது என்றும் கேளுங்கள்.

அடுத்தது, மொத்தக் கணக்கைப் பார்த்துத் திருப்திப்படுவது. இலங்கைப் பல்கலைக்கழகங்களில் பெண்கள்தான் அதிகம், உண்மை. பீடம் பீடமாகப் பிரித்தால் கலைப்பீடத்தில் நிறைந்திருப்பவர்கள் பொறியியலில் குறைந்துவிடுகிறார்கள். அதோடு, பரீட்சைப் பெறுபேற்றில் பரீட்சை எழுதியவர்கள் மட்டும்தான் இருப்பார்கள். தரம் 9இல் இடைவிலகிக் கொழும்புக்கு வேலைக்குப் போன பிள்ளை எந்தச் சதவீதத்திலும் வருவதில்லை. தரம் 6 வரவுப் பதிவேட்டிலிருந்து எண்ணத் தொடங்குங்கள்.

"பெண் பிள்ளைகளுக்குக் கணக்கு அவ்வளவாக வராது" என்பதை இன்னும் நம்புகிறவர்கள் இருக்கிறார்கள். உளவியலாளர் ஜேனட் ஹைட் குழுவினர் 2008இல் அமெரிக்காவில் 70 இலட்சத்துக்கு மேற்பட்ட மாணவர்களின் கணிதப் புள்ளிகளை ஒப்பிட்டார்கள். சராசரியில் ஆண், பெண் வித்தியாசம் இல்லை என்றே சொல்லலாம். என்னை அதிகம் யோசிக்க வைத்தது 2019இல் பிரெடா, நாப் என்ற இரு ஆய்வாளர்கள் வெளியிட்ட ஆய்வு. 64 நாடுகளின் 15 வயது மாணவர்களை அவர்கள் பார்த்தார்கள். பெண் பிள்ளைகள் கணிதத் துறைகளை விட்டு விலகுவதற்குப் பெரும் காரணம் கணிதம் வராதது அல்ல, வாசிப்பு அதைவிட நன்றாக வருவது என்று கண்டார்கள். இலங்கை அந்தத் தரவில் இல்லை. ஆனாலும் "தமிழ் எவ்வளவு அழகாக எழுதுகிறாள், டீச்சராகட்டும்" என்று நாம் பாராட்டும்போது நடப்பதும் இதுதானே? தமிழைப் பாராட்டும் வாயால் கணிதத்தையும் பாராட்ட வேண்டும்.

விஞ்ஞானச் செய்முறையிலும் கவனியுங்கள். கருவி பையன்கள் கையில், அவதானிப்புக் கொப்பி பெண் பிள்ளைகள் கையில். கையெழுத்து அழகு என்று நாமே கொடுத்துவிடுகிறோம்.

கடைசியாக ஒன்று. "பெற்றோருக்கு அக்கறை இல்லை" என்று எழுதுவதற்கு முன், கூட்டத்தை எந்த நாளில் வைத்தீர்கள் என்று பாருங்கள். வேலை நாள் காலை 10 மணிக்கு அழைத்தால் அந்த அம்மா ஒரு நாள் சம்பளத்தை விட்டுவிட்டுத்தான் வர வேண்டும். ஞாயிற்றுக்கிழமை பின்னேரம் அவர்கள் குடியிருக்கும் லயத்துக்கே (தோட்டத்து வரிசை வீடுகளுக்கே) போங்கள். பெறுபேற்றுத் தாளை விரித்து, அந்த ஏ எந்தெந்தப் படிப்புக்கு வழி திறக்கிறது, தங்கிப் படிக்க என்ன செலவாகும் என்று அம்மாவிடமும் மகளிடமும் சேர்த்துச் சொல்லுங்கள். பெரும்பாலும் அப்பாவும் வந்து உட்கார்ந்துவிடுவார்.