ஊராட்சி நிதியில் வெள்ளத் தடுப்பு வேலை கேட்பது எப்படி? (புல எண்ணால், அதாவது சர்வே நம்பரால், எங்களுக்கு ஒரு வருடம் போன கதையோடு)

2018 நவம்பர் 16 அன்று கஜா புயல் வேதாரண்யம் பக்கம் கரையைக் கடந்தது. எங்கள் ஊரில் முதலில் தட்டுப்பாடு வந்தது தண்ணீருக்குத்தான். மேல்நிலைத் தொட்டி விழவில்லை, மோட்டாரும் நன்றாக இருந்தது, கரண்ட்தான் இல்லை. வாடகை ஜெனரேட்டர் வந்து சேர்ந்த பிறகும், அதை மோட்டாரோடு இணைக்கத் தெரிந்த ஆளைத் தேடியே அரை நாள் போயிற்று. இன்னொரு தொல்லை, தூர்ந்துபோன வடிகால். ஐப்பசி பிறந்தால் கீழத்தெருவுக்குள் தண்ணீர் ஏறிவிடும். இந்த இரண்டு வேலைக்கும் அரசுப் பணம் வாங்க நாங்கள் நடந்த வழியைத்தான் எழுதுகிறேன்.

"பேரிடர் தயார்நிலை மானியம்" என்று ஊராட்சி நிரப்பிக் கொடுக்கும் படிவம் எங்காவது இருக்கும் என்று இரண்டு மாதம் தேடினேன். அப்படி எதுவும் கையில் சிக்கவில்லை. மத்திய அரசின் வரிப்பணத்தைப் பங்கிட்டுத் தரச் சொல்லும் 15-வது நிதிக்குழு (2021-26) மாநிலப் பேரிடர் நிதியில் 20 சதவீதத்தைப் பாதிப்பைத் தணிக்கும் வேலைகளுக்கும், 10 சதவீதத்தைத் தயார்நிலைக்கும் பிரித்து வைத்தது. ஆனால் அந்தப் பணம் மாநில அரசு, துறைகள், ஆட்சியர் என்று வேறு பாதையில் இறங்குவது. ஊராட்சிக்கு வந்து சேர்ந்தது அதே நிதிக்குழு தந்த உள்ளாட்சி மானியம். 2021-26-இல் அதில் 60 சதவீதம் அலுவலகத்தில் "டைடு" என்று சொல்லும் பணம், அதாவது குறிப்பிட்ட வேலைக்கு மட்டும் எடுக்க வேண்டியது. குடிநீர், மழைநீர் சேகரிப்புக்குப் பாதி, சுகாதாரத்துக்குப் பாதி. மீதி 40 சதவீதத்தைச் சம்பளம், அலுவலகச் செலவு தவிர ஊருக்குத் தேவையான வேலைக்கு எடுக்கலாம் என்று இருந்தது. ஆகவே மனுவில் "பேரிடர்" என்று பெரிதாக எழுதுவதைவிட, உங்கள் வேலை எந்தத் தலைப்புக்குள் நுழையும் என்று பாருங்கள். ஜெனரேட்டரை மாட்டுவதற்கான சேஞ்ச்ஓவர் சுவிட்ச் எங்களுக்குக் குடிநீர்த் தலைப்பில் நுழைந்தது.

படி 1: படம் எடுங்கள், அதுவும் மழையிலேயே

சித்திரையில் எடுத்த படத்தில் வடிகால் வெறும் பள்ளமாகத்தான் தெரியும். தண்ணீர் ஏறி நிற்கும்போது, மின்கம்பமோ வீட்டுப் படியோ தெரிகிற மாதிரி எடுங்கள். நான் ஜிபிஎஸ் மேப் கேமரா செயலியைத் தவிர வேறு எதையும் தொடுவதில்லை. இடமும் தேதியும் படத்திலேயே விழுந்துவிடும். பொறியாளர்களும் அதைத்தான் வைத்திருக்கிறார்கள், அதனால் "எங்கே எடுத்தது?" என்ற கேள்வியே வராது.

படி 2: புல எண்

நாங்கள் சறுக்கியது இங்கேதான். "கீழத்தெரு வடிகால் தூர்வார வேண்டும்" என்று தீர்மானம் போட்டு அனுப்பிவிட்டோம். நான்கு மாதம் கழித்து, "இடம் யாருடையது?" என்று ஒரே வரியில் திரும்பி வந்தது. ஊரில் யாரைக் கேட்டாலும் "நம்ம வாய்க்கால்தான்" என்பார்கள். நானும் அதையே பதிலாக எழுதினேன். அதுவும் திரும்பி வந்தது.

செய்ய வேண்டியது இது. தமிழக அரசின் இ-சேவைத் தளத்தில் மாவட்டம், வட்டம், கிராமம், புல எண் கொடுத்து அ-பதிவேட்டை (எந்த நிலம் என்ன வகை, யார் பெயரில் என்று சொல்லும் வருவாய்த் துறைப் பதிவேடு) பாருங்கள். புல எண் தெரியாவிட்டால் தமிழ்நிலம் வரைபடத்தில் இடத்தைத் தொட்டுக் கண்டுபிடிக்கலாம். அதைவிட, புல வரைபடத்தை எடுத்துக்கொண்டு வி.ஏ.ஓ.விடம் போய்விடுவது நல்லது. எங்கள் வடிகால் மூன்று புல எண்களில் ஓடுகிறது. மூன்றுக்கும் பதிவேட்டில் "வாய்க்கால்" என்றுதான் இருந்தது. அதை யார் பராமரிக்கிறார்கள் என்பது அதில் இல்லை. அதைச் சொன்னவர் எங்கள் பகுதி லஸ்கர் (வாய்க்கால், மதகுகளைப் பார்த்துக்கொள்ளும் நீர்வளத்துறை ஊழியர்): கடைசி நூறு மீட்டர் நீர்வளத்துறையுடையது. அந்த நூறு மீட்டருக்குத் தடையின்மைச் சான்று வாங்குவதற்குள் மழைக்காலம் முடிந்துவிட்டது.

உங்களுக்கும் அப்படி இருந்தால், வேலையை இரண்டாகப் பிரித்து ஊராட்சிப் பகுதியை மட்டும் முதலில் கேளுங்கள். மீதிக்குத் திங்கட்கிழமை மக்கள் குறைதீர்க்கும் நாளில் ஆட்சியரிடம் தனி மனு. மாவட்டப் பேரிடர் மேலாண்மை ஆணையத்துக்கு அவர்தான் தலைவர்.

படி 3: கிராம சபை

ஜனவரி 26, மார்ச் 22, மே 1, ஆகஸ்ட் 15, அக்டோபர் 2, நவம்பர் 1 என ஆறு நாள். என்னைக் கேட்டால் அக்டோபர் 2-ஐ விட்டுவிடாதீர்கள். அடுத்த நிதியாண்டுக்கான ஊராட்சி வளர்ச்சித் திட்டம் அப்போதுதான் சூடுபிடிக்கும். தீர்மானத்தில் புல எண், தொடக்கம், முடிவு, நீளம், நிதித் தலைப்பு ஐந்தும் இருக்கட்டும். முன்கூட்டியே தாளில் எழுதிக் கொண்டுபோய் ஊராட்சிச் செயலரிடம் கொடுத்துவிடுங்கள். அவருக்கும் வேலை மிச்சம்.

அப்புறம் ஒன்று: வெற்றுப் பக்கத்தில் கையெழுத்து கேட்டால் போடாதீர்கள். தீர்மானம் எழுதிய பிறகு போடுங்கள், அந்தப் பக்கத்தைப் படம் எடுத்துக்கொள்ளுங்கள். நான் ஒருமுறை போட்டுவிட்டு வந்தேன். பிறகு நோட்டைப் பார்த்தால் எங்கள் வடிகாலே அதில் இல்லை.

படி 4: எஸ்டிமேட்

ஒன்றியப் பொறியாளரோ ஓவர்சியரோ அளவெடுக்க வரும்போது கூடவே இருங்கள். அவ்வளவுதான். தொகையை நீங்கள் சொல்லத் தேவையில்லை, அவர்களிடம் விலைப்பட்டியல் இருக்கிறது.

படி 5: இ-கிராம் ஸ்வராஜில் தேடுங்கள்

திட்டத்தில் ஏறிவிட்டதா என்று யாரையும் கேட்டுக்கொண்டிருக்க வேண்டாம். இ-கிராம் ஸ்வராஜ் என்பது ஊராட்சித் திட்டங்களும் கணக்கும் ஏறும் மத்திய அரசுத் தளம்; அதில் ஊராட்சியையும் நிதியாண்டையும் தேர்ந்தெடுத்தால் வேலைப் பட்டியல் வரும். கைப்பேசியில் அந்தத் தளம் படுத்தும் பாடு தாங்காது, கணினியில் பாருங்கள்.

பின்சேர்க்கை 1: பேரூராட்சியில் கிராம சபை கிடையாதே என்று ஒருவர் கேட்டிருந்தார். சரிதான். அங்கே வார்டு குழுவும் பகுதி சபையும்தான். கவுன்சிலரைப் பிடிக்க வேண்டும்.

பின்சேர்க்கை 2: ஆள் குறைவு என்று கூட்டத்தை ஒத்திவைத்துவிட்டார்களாம் இன்னொருவர் ஊரில். மக்கள்தொகை 501 முதல் 3,000 வரை உள்ள ஊராட்சிக்கு 100 பேர் வேண்டும். காலையில் கூட்டம் என்றால் முதல் நாள் மாலையே தெருத்தெருவாகச் சொல்லிவிடுங்கள்.

பின்சேர்க்கை 3: சுவிட்ச் மாட்டியாயிற்று. முதல் மழையில் கரண்ட் போனபோது மோட்டார் அறைச் சாவி டேங்க் ஆபரேட்டரிடம், அவர் ஒரு கல்யாணத்துக்காகத் திருவாரூரில். இப்போது இன்னொரு சாவி எதிர்வீட்டு அக்காவிடம் இருக்கிறது.