திருச்சியிலிருந்து லண்டனுக்கு நேரடி விமானம் ஏன் இல்லை: நாமே கணக்கிட்டுப் பார்க்கும் முறை

திருச்சி விமான நிலையத்தில், கயிறு கட்டிய அட்டைப்பெட்டிகளைத் தள்ளிக்கொண்டு சிங்கப்பூர் விமானக் கூட்டம் வெளியே வருவதைப் பார்க்கும் தஞ்சாவூர்க்காரருக்கு, இவ்வளவு கூட்டம் இருந்தும் லண்டனுக்கு ஒரு விமானம் விடக் கூடாதா என்று தோன்றுவது இயல்பே. ஒரு தாளை எடுத்துக்கொண்டால் விடையை நாமே கணக்கிட்டுவிடலாம்.

முதலில் தூரத்தை எழுதுங்கள். சிங்கப்பூர் சுமார் 3,000 கி.மீ.; ஏர்பஸ் ஏ320 போன்ற சிறிய விமானம் இரவில் போய்க் காலையில் திரும்பிவிடும். லண்டனோ 8,000 கி.மீ.க்கு மேல். அதற்குப் போயிங் 787 போன்ற பெரிய விமானம் வேண்டும். போய்த் திரும்புவதற்குள் ஏறக்குறைய ஒரு நாள் முழுவதும் அந்த விமானம் அந்த ஒரு தடத்திலேயே முடங்கிவிடும்.

அடுத்தது எரிபொருள். தூரத்துக்கு நெல் ஏற்றிப் போகும் வண்டியில் மாட்டுக்கான வைக்கோலையும் ஏற்றினால் அந்த வைக்கோலையும் மாடுதானே இழுக்க வேண்டும். விமானமும் அப்படித்தான், கடைசி மணி நேரங்களுக்கான எரிபொருளைச் சுமப்பதற்கே முதல் மணி நேரங்களில் எரிபொருளைச் செலவிடுகிறது. சிங்கப்பூர் ஏர்லைன்ஸ் 2004-இல் நியூயார்க்கை அடுத்த நெவார்க்குக்கு நான்கு எஞ்சின் விமானத்தில் தொடங்கிய நேரடிச் சேவையை 2013-இல் நிறுத்தியது. இரட்டை எஞ்சின் ஏ350 வந்த பிறகு, 2018-இல்தான் மீண்டும் தொடங்கியது. அந்த விமானத்தில் 161 இருக்கைகளே உள்ளன; சாதாரண எகானமி வகுப்பு அதில் கிடையாது.

ஆகவே கூட்டத்தைவிட, யார் என்ன கட்டணம் தருகிறார்கள் என்பதே முக்கியம். பிசினஸ் வகுப்பில் அலுவல் நிமித்தம் பறப்பவர்களும் சரக்கும் ஆண்டு முழுவதும் கிடைத்தால்தான் நீண்ட தடம் தாங்கும். நம் பகுதியிலிருந்து செல்வோரில் பலர் தொழிலாளர்கள், மாணவர்கள், விடுமுறையில் பிள்ளைகளைப் பார்க்கப் போகும் பெற்றோர். பொங்கலுக்கு நிரம்பும் இருக்கைகள் ஆவணியிலும் நிரம்புமா என்று எழுதிப் பாருங்கள்.

ஓடுபாதையையும் மறக்க வேண்டாம். சென்னையின் முதன்மை ஓடுபாதை சுமார் 3,660 மீட்டர். திருச்சியில் சுமார் 2,480 மீட்டர்தான். சித்திரை வெயிலில் காற்றின் அடர்த்தி குறைவதால், எரிபொருள் நிரப்பிய பெரிய விமானம் பயணிகளையோ சரக்கையோ குறைத்துக்கொண்டுதான் எழும்ப வேண்டியிருக்கும்.

இரு நாடுகளுக்கிடையிலான விமானச் சேவை ஒப்பந்தம், லண்டனின் ஹீத்ரோ விமான நிலையத்தில் தரையிறங்க நேர ஒதுக்கீடு ஆகியவையும் உண்டு. கடைமடையில் முறைத் தண்ணீருக்குக் காத்திருப்பவர்களுக்கு அதை விளக்க வேண்டியதில்லை. 2025 ஏப்ரலில் பாகிஸ்தான் தன் வான்வெளியை இந்திய நிறுவனங்களுக்கு மூடியபோது, மேற்கே செல்லும் பல தடங்கள் சுற்றுவழியாகி எரிபொருட் செலவு கூடியது.

கடைசியாக, கொழும்பிலோ வளைகுடாவிலோ மாறிச் செல்லும் பயணத்தின் கட்டணத்தை எழுதி, மாறாமல் போவதற்கு நீங்கள் எவ்வளவு கூடுதலாகத் தருவீர்கள் என்பதை அதன் கீழே குறியுங்கள். என் தாளில் பேனா 5,000 ரூபாயைத் தாண்டவில்லை.