பப் பரிசோதனை: வன்னிப் பெண்கள் தவிர்க்க வேண்டிய தவறுகள்

"எனக்கு ஒரு வருத்தமும் இல்லை, பேந்து ஏன் போகவேணும்?" சுகவனிதையர் கிளினிக்குக்கு வரச்சொல்லிக் குடும்பநல உத்தியோகத்தர் கேட்கும்போது துணுக்காயிலும் புதுக்குடியிருப்பிலும் இந்தப் பதில்தான் முதலில் வரும். முதல் தவறும் இதுதான். கருப்பைக் கழுத்தில் கலங்களைத் தடவியெடுத்து, அவை புற்றாக மாறத் தொடங்கியிருக்கின்றனவா என்று பார்ப்பதுதான் பப் பரிசோதனை; அது வருத்தம் இல்லாதவர்களுக்கானது. கருப்பைக் கழுத்துப் புற்றுநோய்க்குக் காரணம் உடலுறவால் தொற்றும் எச்.பி.வி. வைரஸ். இந்நோய் வந்த பத்துப் பேரில் ஏழு பேருக்கு இதன் 16, 18ஆம் வகைகள்தான் காரணம். தொற்று பெரும்பாலும் ஓரிரு வருடத்தில் தானாகவே போய்விடும். போகாமல் தங்கினால் கலங்கள் மெல்ல மெல்ல மாறும். புற்றாவதற்குப் பொதுவாகப் பத்து வருடங்களுக்கு மேலாகும். அதுவரை நோவும் இல்லை, இரத்தமும் இல்லை. அந்தக் காலத்துக்குள் பிடிக்கத்தான் 35 வயதிலும் 45 வயதிலும் கூப்பிடுகிறார்கள். பரிசோதனை இலவசம்.

வன்னியில் கூடுதலாகப் பேசவேண்டிய தவறு இன்னொன்று. "அவர் போய்ப் பதினைஞ்சு வரியமாச்சு, எனக்கேன் இது?" என்று கணவரை இழந்தவர்களும் கணவர் காணாமலாக்கப்பட்டவர்களும் ஒதுங்கிவிடுகிறார்கள். அன்று தொற்றிய வைரஸ் இத்தனை வருடமும் உடலில் தங்கியிருக்கலாம். குடும்பத்தைத் தனியே சுமக்கும் இந்தப் பெண்கள்தான் விடுபடவே கூடாதவர்கள். நடத்தை சரியில்லாதவர்களுக்கு வரும் நோய் என்ற பேச்சும் பொய். வாழ்க்கையில் ஒரே ஒருவரோடு மட்டும் வாழ்ந்தவருக்கும் தொற்றும். எல்.ஆர்.ரி. (கருத்தடைக்காகக் குழாய் கட்டும் சத்திரசிகிச்சை) செய்தவர்களும் வரவேண்டும். கட்டியது குழாயைத்தான், கருப்பைக் கழுத்து அப்படியேதான் இருக்கிறது. கருப்பை எடுத்தவர்கள் வைத்தியசாலை தந்த துண்டைக் கொண்டுபோய்க் காட்டிக் கேளுங்கள். சில சத்திரசிகிச்சைகளில் கழுத்துப் பகுதியை விட்டுவிடுவார்கள்.

நாள் தெரியாமல் போவதால் பரிசோதனை வீணாகிறது. இரத்தம் போகும் நாட்களில் எடுத்தால் கலங்கள் சரியாகத் தெரியாது. மாதவிடாய் தொடங்கிய நாளை முதலாம் நாளாக எண்ணி, 10ஆம் நாளுக்கும் 20ஆம் நாளுக்கும் இடையில் போவது நல்லது. அதற்கு முந்திய இரண்டு நாளும் உடலுறவு, யோனிக்குள் வைக்கும் மருந்து, உள்ளே கழுவுதல் மூன்றையும் தவிர்க்கவும். சுத்தமாகப் போகவேண்டும் என்று அன்று காலையிலேயே உள்ளே சவர்க்காரம் போட்டுக் கழுவிக்கொண்டு வருகிறவர்கள் பலர். எடுக்கவேண்டிய கலங்களும் அதோடு போய்விடும். வெளியே குளித்தால் போதும். பிள்ளை பெற்றவர்கள் மூன்று மாதம் பொறுக்கவும்.

பயம் வேண்டாம். சலம் கழித்துவிட்டுப் படுத்தால், வாத்துச் சொண்டு போன்ற கருவியால் யோனியை விரித்து, கழுத்தைச் சுற்றி மெல்லிய குச்சியால் ஒருமுறை தடவுவார்கள். ஓரிரு நிமிட வேலை. தடவியதைக் கண்ணாடித் தகட்டில் பூசி, காயமுன் மதுசாரத்தில் பதப்படுத்தி ஆய்வுகூடத்துக்கு அனுப்புவார்கள். அன்று சொட்டு இரத்தம் பட்டால் கலங்கத் தேவையில்லை.

ஆனால் உடலுறவின் பின் இரத்தம், மாதவிடாய் நின்றபின் இரத்தம், நாற்றத்தோடு வெள்ளைபடுதல் இருந்தால் கிளினிக் நாளுக்குக் காத்திருக்காதீர்கள். முன்பு எடுத்த பப் நல்லது என்றிருந்தாலும் உடனே வைத்தியசாலைக்குப் போகவேண்டும்.

எல்லாவற்றிலும் பெரிய தவறு, முடிவைக் கேட்காமல் விடுவது. அரிவு வெட்டு, வேலைக்கு வெளியூர், மாறிய கைபேசி இலக்கம் என்று தொடர்பு அறுந்துபோகும். பதியும்போதே நம்பிக்கையான இன்னொருவரின் இலக்கத்தையும் கொடுங்கள். ஆறு வாரத்தில் செய்தி வராவிட்டால் நீங்களே போய்க் கேளுங்கள். "திருப்பி எடுக்கவேணும்" என்றால் பெரும்பாலும் கலங்கள் போதவில்லை என்றுதான் பொருள். "மாற்றம் இருக்கு" என்றாலும் புற்றுநோய் என்று முடிவாகாது. கொல்பொஸ்கொப்பிக் கருவியால் பெருப்பித்துப் பார்த்து, தேவையென்றால் அந்த இடத்தை மட்டும் அகற்றுவார்கள்; அநேகமாகக் கருப்பையை எடுக்கவேண்டி வராது. அந்த இரண்டாவது பயணத்தைத் தவறவிட்டால் முதற்பயணத்தால் பயனில்லை.

மகள்மாருக்கு 2017 முதல் தரம் 6இல் பாடசாலையிலேயே எச்.பி.வி. ஊசி போடுகிறார்கள்: ஆறு மாத இடைவெளியில் இரண்டு. பாடசாலை மாறும்போது இரண்டாவது ஊசி தவறிப்போகும். முதல் ஊசி போட்ட அட்டையோடு சுகாதார வைத்திய அதிகாரி பணிமனைக்குப் போய்க் கேளுங்கள். ஊசி போட்ட பிள்ளையும் 35 வயதில் பப் எடுக்கத்தான் வேண்டும்.