ஆணா, பெண்ணா? ரோல்-பிளேயிங் கேமில் கதாபாத்திரத்தின் பாலினத்தைத் தேர்ந்தெடுப்பது எப்படி

புதிதாக ஒரு ரோல்-பிளேயிங் கேமை, அதாவது ஒரு கதாபாத்திரமாக மாறிக் கதைக்குள் வாழும் கேமை, தொடங்கினால் பெரும்பாலும் முதலில் வந்து நிற்பது இந்தக் கேள்விதான். சண்டை எப்படிப் போடுவது, மேப்பை எப்படிப் பார்ப்பது என்று எதுவுமே தெரியாத நேரத்தில், இனி ஐம்பது அறுபது மணி நேரத்துக்கு யாராக இருக்கப் போகிறீர்கள் என்று முடிவெடுக்கச் சொல்வார்கள். புதியவர்களில் பலர் யோசிக்காமல் திரையில் முதலில் நிற்கும் உருவத்தையே எடுத்துக்கொண்டு போய்விடுவார்கள். சிலர் மூக்கின் நீளத்தைச் சரிசெய்வதிலேயே ஒரு மாலைப்பொழுதைத் தீர்த்துவிடுவார்கள்.

உண்மையில் இந்தத் தேர்வுக்கு ஒவ்வொரு கேமும் கொடுக்கும் மதிப்பு வேறு. ஒன்றில் உடையும் உருவமும் மாறுவதோடு சரி. இன்னொன்றில் கதையின் முடிவே மாறும். கையில் இருக்கும் கேம் எந்த வகை என்று தெரிந்துகொண்டால் பாதி வேலை முடிந்தது. கீழே உள்ள வரிசையில் போனால் கால் மணி நேரத்தில் தெளிவாக முடிவெடுக்கலாம்.

படி 1: தேர்வு உங்கள் கையில் இருக்கிறதா?

சில கேம்களில் இந்தக் கேள்வியே எழாது. 2015இல் வந்த விட்சர் 3இல் நீங்கள் கெரால்ட்தான். 2017இல் வந்த ஹொரைசன் ஜீரோ டானில் அலாய்தான். கதாசிரியர் ஏற்கெனவே முடிவு செய்துவிட்டார், நீங்கள் போய் வாழ்ந்துவிட்டு வர வேண்டியதுதான்.

வேறு சிலவற்றில் தேர்வு மறைமுகமாக வரும். டயப்லோ 2இல் (2000) நீங்கள் எடுக்கும் கிளாஸோடு (போர்வீரர், மந்திரவாதி போன்ற பாத்திர வகை) பாலினமும் ஒட்டிக்கொண்டே வரும். சார்சரஸ் என்றால் பெண், நெக்ரோமேன்சர் என்றால் ஆண். 2012இல் டயப்லோ 3 வந்தபோது இந்தக் கட்டு அவிழ்ந்தது, எந்த கிளாஸையும் ஆணாகவோ பெண்ணாகவோ விளையாடலாம். பழைய கேம் ஒன்றைத் தூசி தட்டி எடுத்திருக்கிறீர்கள் என்றால், 'எந்த பாலினம்' என்பதற்கு முன்னால் 'எந்த கிளாஸ்' என்று யோசியுங்கள்.

படி 2: தேர்வு எதையெல்லாம் மாற்றும்?

இதுதான் முக்கியமான படி. கேமின் பெயரோடு 'ரொமான்ஸ்', 'ஜெண்டர்' என்று சேர்த்துத் தேடினால், கதையை உடைக்காத குறிப்புகள் கிடைத்துவிடும். தேடும்போது நான்கு விஷயங்களைப் பாருங்கள்.

முதலில் எண்கள், அதாவது வலு, வேகம் போன்ற திறன் அளவுகள். பெண் என்றால் வலு குறைவு என்று பயப்படுகிறவர்கள் இன்னும் இருக்கிறார்கள். அந்தப் பயம் சும்மா வந்ததில்லை. காகிதமும் தாயக்கட்டையும் வைத்து விளையாடிய காலத்தில், 1978இல் வந்த அட்வான்ஸ்டு டஞ்சன்ஸ் அண்ட் டிராகன்ஸ் விதிப்புத்தகம் பெண் கதாபாத்திரங்களின் பலத்துக்கு ஓர் உச்சவரம்பே வைத்திருந்தது. 2002இல் வந்த மோரோவிண்டில்கூட ஒரே இனத்தில் ஆணுக்கும் பெண்ணுக்கும் தொடக்க எண்கள் கொஞ்சம் வேறுபடும். அதே வரிசையில் 2011இல் வந்த ஸ்கைரிமில் அந்த வித்தியாசம் கிடையாது. இப்போது வரும் கேம்களில் பெரும்பாலும் இதே நிலைமைதான். எனவே சண்டையில் யார் வலிமையானவர் என்ற கணக்கை வைத்து இந்தத் தேர்வைச் செய்யாதீர்கள்.

விதிவிலக்குகள் உண்டு. ஃபயர் எம்ப்ளம்: த்ரீ ஹவுசஸில் (2019) பறக்கும் குதிரையில் போகும் பெகாசஸ் நைட், ஃபால்கன் நைட் ஆகிய கிளாஸ்கள் பெண்களுக்கு மட்டும், ஹீரோ, வார் மாஸ்டர் ஆகியவை ஆண்களுக்கு மட்டும். பறக்கும் குதிரை மீது ஆசை இருந்தால் இது தெரியாமல் தொடங்கக் கூடாது. ஃபால்அவுட்: நியூ வேகஸில் (2010) ஆணுக்கு லேடி கில்லர், பெண்ணுக்கு பிளாக் விடோ என்று இரண்டு பெர்க்குகள் (கூடுதல் சிறப்புத் திறன்கள்) உண்டு. எதிர்ப்பாலினத்தவர் மீதான தாக்குதலில் 10 சதவீதம் கூடுதல் சேதம் கிடைக்கும், சில இடங்களில் பேச்சிலும் புது வழி திறக்கும். இரண்டும் ஒரே அளவுதான் என்றாலும், எதிரிகளில் யார் அதிகம் என்பதைப் பொறுத்துப் பலன் மாறும்.

அடுத்தது காதல். புதியவர்கள் ஏமாறும் இடம் இதுதான். இருபது மணி நேரம் ஒரு தோழனோடு பேசிப் பழகி, பரிசெல்லாம் கொடுத்து, கடைசியில் 'நாம் நண்பர்களாகவே இருப்போம்' என்ற பதில் வரும். நீங்கள் எதையும் தவறாகச் சொல்லியிருக்க மாட்டீர்கள். கேம் உங்களை அந்த வரிசையிலேயே சேர்த்திருக்காது. டிராகன் ஏஜ்: இன்க்விசிஷனில் (2014) கசாண்ட்ரா ஆண் கதாபாத்திரத்தை மட்டுமே விரும்புவார், செரா பெண்ணை மட்டும், டோரியன் ஆணை மட்டும். சோலஸ் இன்னும் கறார்: நீங்கள் பெண்ணாக மட்டும் இருந்தால் போதாது, எல்ஃப் என்ற கூர்காது கொண்ட கற்பனை இனத்துப் பெண்ணாக இருக்க வேண்டும். சைபர்பங்க் 2077இல் (2020) பனாமுக்கு ஆண் உடல் வேண்டும். ஜூடிக்குப் பெண் உடலோடு பெண் குரலும் வேண்டும்.

இன்னொரு பக்கம், ஸ்டார்டியூ வேலி (2016), பல்டர்ஸ் கேட் 3 (2023) போன்றவற்றில் நீங்கள் யாராக இருந்தாலும் யாரையும் காதலிக்கலாம். எனக்கு இந்த இரண்டாவது முறை வசதியாக இருக்கிறது. ஆனால் தனக்கென்று விருப்பமுள்ள ஒரு பாத்திரம் நம்மை மறுக்கும்போது, அது ஒரு மனிதரைப் போலவே தோன்றுகிறது என்பதையும் மறுக்க முடியாது. டோரியனின் சொந்தக் கதையே அவர் ஆண்களை விரும்புகிறவர் என்பதில்தான் நிற்கிறது. அதை எடுத்துவிட்டால் அந்தப் பாத்திரமே இல்லை.

மூன்றாவது கதை. டிராகன் ஏஜ்: ஆரிஜின்ஸ் (2009) இதற்கு நல்ல உதாரணம். நகரத்து எல்ஃபாகத் தொடங்கினால் முதல் காட்சியே உங்கள் திருமண நாள். பெண்ணாக இருந்தால் பிரபுவின் மகனால் கடத்தப்படுகிறவர்களில் நீங்களும் ஒருவர். ஆணாக இருந்தால் கடத்தப்பட்டவர்களை மீட்கப் போகிறவர் நீங்கள். இரண்டும் ஒரே மாளிகைதான், ஆனால் உள்ளே நுழையும்போது இருக்கும் கோபம் வேறு. பர்சோனா 3 போர்ட்டபிளில் (2009) பெண் கதாநாயகியைத் தேர்ந்தெடுத்தால் நீங்கள் நட்பு கொள்ளும் ஆட்களில் பலர் மாறிவிடுவார்கள். கிட்டத்தட்ட இன்னொரு கேம் கையில் கிடைத்த மாதிரி.

நான்காவது தோற்றம். எல்டன் ரிங் (2022) போன்ற கேம்களில் வித்தியாசம் பெரும்பாலும் இதோடு முடிந்துவிடும். அதற்குமேல் கவசமும் தலைக்கவசமும் போட்டுவிட்டால் உள்ளே யார் என்பது உங்களுக்கு மட்டும்தான் தெரியும்.

படி 3: பிறகு மாற்ற வழி இருக்கிறதா?

முடிவில் தயங்குகிறவர்களுக்கு இதைவிடப் பெரிய ஆறுதல் இல்லை. அசாசின்ஸ் கிரீட் வல்ஹாலாவில் (2020) கதாநாயகர் ஐவோரை எப்போது வேண்டுமானாலும் ஆணாகவோ பெண்ணாகவோ மாற்றலாம். ஸ்டார்டியூ வேலியில் மந்திரவாதியோடு நட்பு வளர்ந்ததும் அவர் வீட்டின் நிலவறைக்குப் போக முடியும். அங்கே இருக்கும் ஒரு சிறு பீடத்தில் 500 பொற்காசு கொடுத்தால் உருவத்தையே புதிதாக அமைத்துக்கொள்ளலாம். ஃபைனல் ஃபேண்டசி 14இல் ஃபேண்டேசியா என்ற மருந்தைக் குடித்தால் இனம், பாலினம் எல்லாமே மாறும். ஒரு குப்பி கதையின் முதல் பெரும் பகுதியை முடித்ததும் இலவசமாகக் கிடைக்கும், அதன்பிறகு வேண்டுமென்றால் நிஜப் பணம் கொடுத்து வாங்க வேண்டும். டார்க் சோல்ஸ் 2 (2014) இதை வைத்து ஒரு குறும்பே செய்திருக்கிறது: தொடக்கப் பகுதியில் ஒதுக்குப்புறமாகக் கிடக்கும் சவப்பெட்டிக்குள் படுத்து எழுந்தால் பாலினம் மாறியிருக்கும். கேம் எந்த அறிவிப்பும் செய்யாது.

மாற்றவே முடியாதவையும் உண்டு. அசாசின்ஸ் கிரீட் ஒடிசியில் (2018) கதாநாயகர் கசாண்ட்ராவா அலெக்சியோஸா என்று ஒருமுறை சொன்னால் சொன்னதுதான். ஜென்ஷின் இம்பாக்டில் (2020) இரட்டையர்களில் ஒருவரைத் தேர்ந்தெடுத்தால், மற்றவர் நீங்கள் தேடிப் போகும் உடன்பிறப்பாகிவிடுவார். மாஸ் எஃபெக்ட் மூன்று பாக வரிசை. முதல் பாகத்தில் சேமித்து வைத்த ஆட்டத்தை (சேவ்) அடுத்த பாகத்துக்குக் கொண்டுபோகும்போது பாலினமும் கூடவே போகும். முதல் நாள் எடுக்கும் முடிவு மூன்று கேம்களுக்கு நிற்கும் என்பதால், அங்கே கொஞ்சம் நேரம் எடுத்துக்கொள்வதில் தப்பில்லை.

இடைப்பட்ட நிலைமையும் இருக்கிறது. பல்டர்ஸ் கேட் 3இல் முகாமில் ஒரு மாயக் கண்ணாடி உண்டு. நீங்களே உருவாக்கிய பாத்திரமாக இருந்தால் முகம், முடி, குரல் எல்லாம் அதில் மாற்றிக்கொள்ளலாம். இனத்தையும் உடலமைப்பையும் மாற்ற முடியாது. ஆக, அந்தக் கேமில் முகத்தைப் பிறகு பார்த்துக்கொள்ளலாம், உடலமைப்பைத்தான் முதலில் யோசிக்க வேண்டும்.

படி 4: முகத்துக்கு முன்னால் குரல்

பாத்திரத்தின் உருவத்தை அமைக்கும் திரையான கேரக்டர் கிரியேட்டரில் எல்லோரும் முகத்தில்தான் விழுகிறார்கள். ஆனால் பெரும்பாலான நேரம் நீங்கள் பார்க்கப் போவது முதுகு. சைபர்பங்க் போல முதல்-நபர் பார்வையில் ஓடும் கேமில் அதுகூடக் கிடையாது. பெரும்பாலும் கண்ணாடி முன்னால் நின்றால்தான் உங்கள் முகமே உங்களுக்குத் தெரியும். குரல் அப்படியில்லை. வசனம் பேசும் கதாநாயகன் அல்லது கதாநாயகி உள்ள கேமில் அது கடைசிவரை காதில் ஒலித்துக்கொண்டே இருக்கும்.

எனவே இரண்டு குரலையும் கேட்டுவிட்டுத் தேர்ந்தெடுங்கள். மாஸ் எஃபெக்டில் கமாண்டர் ஷெப்பர்டுக்கு ஆண் குரல் மார்க் மீர், பெண் குரல் ஜெனிஃபர் ஹேல். வசனம் ஏறக்குறைய ஒன்றுதான், ஆனால் ஒரே மிரட்டல் வரி இருவர் வாயிலும் வேறு வேறு மனிதராக வரும். முதல் காட்சியை இரண்டு தடவை ஓட்டிப் பாருங்கள், அல்லது யூடியூபில் தொடக்கப் பத்து நிமிடம் பார்த்தாலே போதும். என்னைக் கேட்டால், தயக்கம் வரும்போதெல்லாம் குரலிடம் முடிவை விட்டுவிடுவது நல்லது.

கதாநாயகர் வாயே திறக்காத கேமாக இருந்தால் இந்தப் படியைத் தாண்டிவிடுங்கள்.

படி 5: நானாகவா, வேறொருவராகவா?

விதி எதுவும் இல்லை. தன்னைப் போலவே ஒருவரை உருவாக்கி, 'நான் இருந்தால் என்ன செய்வேன்' என்று விளையாடுகிறவர்கள் இருக்கிறார்கள். கதாபாத்திரத்தைத் தள்ளி நின்று பார்த்து, நாவல் எழுதுவது போல நடத்துகிறவர்களும் இருக்கிறார்கள். ஆண் ஒருவர் பெண் பாத்திரத்தை எடுப்பதும், பெண் ஒருவர் ஆண் பாத்திரத்தை எடுப்பதும் ரொம்ப சாதாரணம். அதற்கு யாருக்கும் விளக்கம் சொல்ல வேண்டியதில்லை.

முதல் கேம் என்றால், ஒரு சின்னச் சோதனை செய்து பாருங்கள். கதையில் ஓர் ஊரைக் காப்பாற்றவோ கைவிடவோ வேண்டிய கட்டம் வருகிறது என்று வைத்துக்கொள்ளுங்கள். 'நான் என்ன செய்வேன்' என்று மனம் கேட்டால் உங்களுக்கு நெருக்கமான பாத்திரத்தை எடுங்கள். 'இவள் என்ன செய்வாள்', 'இவன் என்ன செய்வான்' என்று கேட்டால் தாராளமாக வேறொருவரை உருவாக்குங்கள். பெயரையும் அதற்கேற்றபடி வைத்தால் முடிவெடுக்க இன்னும் எளிதாகும்.

படி 6: ஒரே கேள்வி பல கேள்விகளாக வந்தால்

இப்போதைய கேம்களில் 'ஆண் / பெண்' என்ற ஒற்றைப் பொத்தான் குறைந்து வருகிறது. எல்டன் ரிங்கில் 'டைப் ஏ', 'டைப் பி' என்றுதான் இருக்கும். பல்டர்ஸ் கேட் 3இல் உடலமைப்பு நான்கு. குரலும் அடையாளமும் தனித்தனித் தேர்வுகள். ஸ்டார்ஃபீல்டில் (2023) மற்ற பாத்திரங்கள் உங்களை 'ஹீ' என்று சொல்ல வேண்டுமா, 'ஷீ'யா, 'தே'யா என்பதையும் நீங்களே சொல்லலாம்.

குழம்ப வேண்டாம். உடலமைப்பு நீங்கள் பார்ப்பதற்கு, குரல் கேட்பதற்கு, அடையாளம் மற்றவர்கள் உங்களைப் பற்றிப் பேசுவதற்கு. திருநர்களும், ஆண்-பெண் என்ற இரண்டுக்குள் அடங்காதவர்களும் தங்களுக்குப் பொருந்தும் ஒருவரை உருவாக்க இது வழி செய்கிறது. சைபர்பங்க்கில் மட்டும் ஒரு நுணுக்கம்: அங்கே உங்களை எப்படிக் குறிப்பிடுவார்கள் என்பதைத் தீர்மானிப்பது குரல்தான், அதற்கென்று தனிப் பொத்தான் கிடையாது.

படி 7: ஆன்லைனில் விளையாடினால்

இங்கே எதிரில் இருப்பவர்கள் நிஜ மனிதர்கள். பெண் பாத்திரத்தை எடுத்தால் தேவையில்லாத செய்திகளும், கேட்காமலே வரும் உதவிகளும் அதிகம் வரலாம். அதற்காகப் பாத்திரத்தை மாற்ற வேண்டியதில்லை. பிளாக், ரிப்போர்ட் பொத்தான்கள் எங்கே இருக்கின்றன என்று முதல் நாளே பார்த்து வைத்துக்கொள்ளுங்கள். அதேபோல, பெண் பாத்திரத்துக்குப் பின்னால் இருப்பவர் பெண் என்று நீங்களும் முடிவு கட்டாதீர்கள். பாத்திரத்தின் பாலினத்தைக் காட்டி யாரிடமும் பொருளோ பணமோ வாங்குவது ஏமாற்று, அதில் இரண்டு கருத்து இல்லை.

படி 8: சேவ் செய்துவிட்டுத் தொடங்குங்கள்

கேரக்டர் கிரியேட்டர் முடிந்ததும், கேம் அனுமதித்தால், தனி இடத்தில் ஒரு சேவ் போடுங்கள். அதை அழிக்காதீர்கள். சில கேம்கள் முதல் பகுதியின் வாசலில் இன்னொரு வாய்ப்புத் தரும். 2006இல் வந்த ஆப்லிவியனில் சாக்கடைச் சுரங்கத்தை விட்டு வெளியே வரும் கதவருகே இனம், உருவம், கிளாஸ் எல்லாவற்றையும் மறுபடி மாற்றலாம். அந்தக் கதவுக்கு முன்னால் ஒரு சேவ் வைத்திருந்தால், அடுத்த தடவை சுரங்கத்தை முழுக்கக் கடக்காமலே புதிய ஆளாகத் தொடங்கலாம்.

இரண்டு மூன்று மணி நேரம் விளையாடிய பிறகும் பாத்திரம் ஒட்டவில்லை என்றால் தயங்காமல் மறுபடி தொடங்குங்கள். தொடக்கப் பகுதி இப்போது உங்களுக்குத் தெரியும் என்பதால் பாதி நேரத்தில் அதே இடத்துக்கு வந்துவிடுவீர்கள். முப்பது மணி நேரம் போன பிறகு தோன்றினால், கணினியில் விளையாடுகிறவர்களுக்கு மோடும் (கேமை மாற்றியமைக்கும் கூடுதல் கோப்பு) கன்சோல் கட்டளையும் (கேமுக்குள் தட்டச்சு செய்யும் கட்டளை) இருக்கின்றன. ஆனால் ஸ்கைரிம் ஸ்பெஷல் எடிஷன் போன்றவற்றில் மோட் போட்டால் அச்சீவ்மென்ட் (சாதனைப் பதக்கம்) கிடைக்காது, கட்டளைகள் சில நேரம் திறன் எண்களையும் குலைத்துவிடும். அதனால் கை வைப்பதற்கு முன் பழைய சேவ் ஃபைலை வேறொரு ஃபோல்டரில் நகலெடுத்து வையுங்கள்.